வீட்டைச் சுற்றியே ஒரு படத் தொழில்

ஸ்டூடியோ தொழில் முடிந்துவிட்டது என்று கூறும் சகோதரர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பதுளையில் இருபது வருடங்களுக்கும் மேலாக இத்தொழிலைச் செய்து வருபவன் என்ற வகையில், அக்கருத்தை நான் ஏற்பதில்லை. வாடிக்கையாளர் வரும்வரை கடையில் காத்திருந்து உழைத்த காலம் போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் கெமராவைத் தூக்கிக்கொண்டு அவரது வீட்டுக்கும், நமது ஊரைச் சுற்றியுள்ள மலைக்கும் போகிறவருக்கு இன்னும் தொழில் இருக்கிறது.

கொடக் நிறுவனத்தின் கதை நம் எல்லோருக்கும் ஒரு பாடம். டிஜிட்டல் கெமராவை 1975இல் முதன்முதலில் செய்து பார்த்தவர் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவ் சாசன். இருந்தும் பிலிம் வியாபாரத்தை விட மனமின்றி இருந்த அந்நிறுவனம், 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே பிலிமை விற்ற பியூஜி நிறுவனமோ மருத்துவக் கருவிகள், அழகுசாதனப் பொருட்கள் என்று வேறு துறைகளில் கால்பதித்துத் தப்பிக்கொண்டது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், சிறு வியாபாரிகளான நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்?

நம் நாட்டில் முன்மாதிரிகளும் உண்டு. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம், இந்நாட்டின் காட்சிகளைத் தபாலட்டைகளாக அச்சிட்டு விற்றுப் பெயர் பெற்றது. 2015இல் காலமான நிஹால் பெர்னாண்டோ, ஸ்டூடியோ டைம்ஸ் என்ற வர்த்தகப் படப்பிடிப்பு நிலையத்தை நடத்திக்கொண்டே இலங்கையின் காடுகளையும் வனவிலங்குகளையும் படமெடுத்து நூல்களாக வெளியிட்டார். உள்ளூர்க் காட்சிக்கு விலை உண்டு என்பதை இவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வளர்ப்புப் பிராணிகள்

எங்களிடம் இப்போது கேட்டு வரும் வேலைகளில் ஒன்று, வீட்டுப் பிராணிகளைப் படமெடுப்பது. நகரில் பூனை, முயல், மீன் தொட்டி. பண்டாரவளைப் பக்கத்து பங்களாக்களில் நாய். தோட்டத்து லயங்களில் கறவை மாடு, ஆடு. மாட்டுடன் குடும்பமாக நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாடுதான் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்க்கிறது. கேலி செய்யாமல் எடுத்துக் கொடுத்தால் அந்த லயம் முழுவதும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான்.

பிராணியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். புது இடத்தில் அது மிரளும். அதன் வீட்டிலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அதன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். கண்ணில் ஃபோகஸ் இருக்கட்டும். ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு செக்கனுக்குக் குறைந்தால் துள்ளும் பிராணியின் படம் கலங்கிவிடும். முதல் பத்து நிமிடம் கெமராவை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிடித்து அடைத்த காட்டு விலங்கைப் படமெடுக்க யாராவது அழைத்தால் மட்டும் போகாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் சிக்கல் உங்களையும் சேர்த்து இழுக்கும்.

மஞ்சள் மலைகள்

எமது கடையில் தொழில் பழகி, பின்னர் கத்தாருக்குப் போன தம்பி ஒருவர், தங்குமிடத்துக்கு அருகிலுள்ள மணல்மேடுகளைப் படமெடுத்து அனுப்புவார். நடுப்பகலில் எடுத்த படத்தில் வெறும் மணல். மாலையில் எடுத்த படத்திலோ ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. வறண்ட நிலத்துக்கு அழகு தருவது நிழல்தான் என்பார் அவர்.

இங்கே மணல் இல்லை. ஆனால் குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் பாலையாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம் அல்லவா? ஜூலை முதல் செப்டெம்பர் வரை வெலிமடைப் பக்கத்துப் பத்தனைகளைப் போய்ப் பாருங்கள். மானாப்புல் மஞ்சளாகி, காற்றில் அலை அலையாகச் சாய்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கும் வாசமும் அதே மாதங்களின் வறண்ட காற்றில்தான் பிறக்கிறது. தேயிலைத் துறையினர் அந்தக் காற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். நாமோ, மலை காய்ந்து கிடக்கிறது, எடுக்க என்ன இருக்கிறது என்று கெமராவை மூடி வைக்கிறோம். காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் போங்கள். புல்லுக்குத் தீ வைக்கும் காலமும் அதுவே என்பதால் புகை தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

யார் வாங்குவார்கள்?

நமது வியாபாரிகளே முதல் வாடிக்கையாளர்கள். வருட முடிவில் கலண்டர் அடிக்காத கடை எது? அதில் இருப்பது பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கிய பனிமலை. எல்லவுக்குப் போகும் வழியில் எங்கள் கடைக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர், சுவரிலிருந்த கலண்டரைக் காட்டி, இந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அது சுவிற்சர்லாந்து! துன்ஹிந்தவும், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் நம் காலடியில் இருக்கின்றன. உயிருள்ளவற்றின் படத்தைச் சுவரில் மாட்ட விரும்பாத நமது வீடுகளுக்கும் மலையும் அருவியும் பொருத்தமானவை. கலண்டர் ஓடர்கள் ஒக்டோபரில் வருகின்றன. மஞ்சள் மலை வேண்டுமென்றால் ஓகஸ்டிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். தேயிலைப் பொதி அடிப்பவர்கள், சுற்றுலா விடுதி நடத்துபவர்கள் ஆகியோரையும் அணுகலாம்.

இணையப் படத்தை எடுத்து அச்சிடுவது இலவசம் என்று நினைப்பது தவறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தின் உரிமை எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடங்களும் நீடிக்கிறது. அடுத்தவரின் உழைப்பை அனுமதியின்றி எடுப்பது பற்றி நமக்கு வேறு சொல்ல வேண்டியதில்லை. அதே சட்டம் உங்கள் படத்தையும் காக்கிறது. எனவே படத்தை விற்கும்போது, எதற்கு, எத்தனை வருடத்துக்கு, எத்தனை பிரதிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரே படத்தை இந்த வருடம் ஒருவருக்குக் கலண்டருக்கும் அடுத்த வருடம் இன்னொருவருக்கு விடுதிச் சுவருக்கும் கொடுக்கலாம்.

விலை சொல்லும்போது படமெடுத்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். போய்வரும் நேரம், த்ரீவீலர் கூலி, கணினி முன் அமர்ந்து படம் தெரிவு செய்யும் நேரம், கெமராவின் தேய்மானம் அனைத்தையும் சேருங்கள். இவற்றை விட்டுவிட்டுக் குறைந்த விலை சொன்னால், வேலை நிறைய இருந்தும் கையில் எதுவும் மிஞ்சாது.

இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அப்படியோர் இடம் அழிந்த பின், அது எப்படி இருந்தது என்று காட்டப் பழைய படம் மட்டுமே மிஞ்சும். ஆகவே, இன்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் திகதி, இடம் குறித்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேமித்து வையுங்கள். நாளை அதைத் தேடி வருபவர் ஒரு வாடிக்கையாளராகவும் இருக்கலாம். வீட்டை இழந்த ஒரு குடும்பமாகவும் இருக்கலாம்.