ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு நாற்காலி, அரை மணி நேரத் தூக்கம்... வியாபாரத்துக்கு எவ்வளவு லாபம் தெரியுமா?

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் தன்வந்திரி சன்னதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருவார்கள். அந்தக் கோயிலுக்குள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியே நடந்தது தெரியுமா? சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் காலத்தில், 1257-ல், சிங்கண்ண தண்டநாயக்கர் அங்கே ஆரோக்கியசாலை அமைத்தார். பொறுப்பு கருடவாகன பண்டிதர் என்ற வைத்தியருக்கு. படையெடுப்பில் சிதைந்துபோன அதை 1493-ல் அதே பரம்பரையில் வந்தவர் மறுபடி எடுத்துக் கட்டி, தன்வந்திரியையும் பிரதிஷ்டை செய்தார். கல்வெட்டே சாட்சி!

இன்னும் இருநூறு வருஷம் பின்னால் போனால் ஆச்சரியம் கூடுகிறது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையைப் பற்றிச் சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். எல்லோருக்கும் நெல்லாகச் சம்பளம். வைத்தியம் யாருக்கு? அங்கே கோயில் பாடசாலையில் படிக்கும் மாணவர்களுக்கும் கோயில் வேலையாட்களுக்கும்! வேலை செய்கிறவன் உடம்பைப் பார்த்துக்கொள்வது வேலை வாங்குகிறவரின் பொறுப்பு என்பது சுமார் 950 வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் கல்லில் வெட்டிய கணக்கு.

திருச்சியின் பெரிய தொழில்களும் அந்த வழியில்தான் வளர்ந்தன. தென்னிந்திய ரயில்வே தன் ஒர்க்‌ஷாப்பை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்தபோது கூடவே காலனியும் ஆஸ்பத்திரியும் எழுந்தன. பின்னாளில் ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்துகொடுத்த ஒர்க்‌ஷாப் அது! 1960-களில் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு திருவெறும்பூரில் பெல் பாய்லர் தொழிற்சாலை வந்தது; கைலாசபுரத்தில் குடியிருப்பும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தே வந்தன.

அமெரிக்கா பக்கம் ஒரு எட்டு. 1913-ல் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 இடங்களை நிரப்பி வைத்திருக்க ஒரே வருஷத்தில் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது தெரியுமா? வந்தவர்கள் வேலையின் கடுமை தாங்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்து, நாள் கூலியை 5 டாலராக உயர்த்தினார். ஓட்டம் வெகுவாகக் குறைந்தது, உற்பத்தி ஏறியது!

இப்போது வருகிறதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட செய்தி. அசாம் தேயிலைத் தோட்டத்தில், 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. வேறு எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடியது! 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான முடிவு இது. எந்தப் புது இயந்திரம் இவ்வளவு மலிவாக இப்படி ஒரு பலன் தரும்?

தேயிலைக்கே இப்படி என்றால், நம்ம திருச்சி வைரப் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட செயற்கை வைரத் தொழில். சுற்றுகிற சக்கரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, குச்சி முனையில் ஒட்டிய மிளகைவிடச் சிறிய கல்லைத் தொட்டுத் தொட்டு எடுத்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, மறுபடி சக்கரத்தில் வைக்க வேண்டும். வட்டக் கல் என்றால் பொதுவாக 57 பட்டை. ஒரு பட்டை கோணினாலும் ஜொலிப்பு போச்சு! இந்தக் கைப்பழக்கம் முழுசாகக் கனிந்து நிற்கிற நாற்பது, நாற்பத்தைந்து வயதில்தான் வெள்ளெழுத்தும் வருகிறது. அனுபவசாலியை அந்த நேரத்தில் பார்வைக் குறைவால் இழப்பதைப் போல ஒரு நஷ்டம் உண்டா? பட்டறைக்கே வந்து கண் பரிசோதனை செய்ய ஒரு நாள் போதும்.

மதியம் கண்ணயர்ந்தால் சோம்பேறி என்பார்களே, சென்னையில் நடந்த ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? கணினியில் தகவல் பதியும் வேலையில் 452 பேர். ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான்: புழுக்கம், கொசு, சத்தம்! ராத்திரித் தூக்கத்தைச் சுமார் அரை மணி கூட்டியும் வேலையில் மாற்றம் தெரியவில்லை. வேலை இடத்திலேயே மதியம் அரை மணி தூங்க வசதி செய்து கொடுத்ததும் கவனம் கூடியது, வேலைத் திறன் கூடியது, மனசும் தெளிந்தது. அதே அரை மணியைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களைவிடத் தூங்கி எழுந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்!

வெயில் கணக்கு இன்னும் அதிர்ச்சி. இந்தியத் தொழிற்சாலைகளில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வருஷ உற்பத்தி மதிப்பு சுமார் 2 சதவீதம் இறங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சிக்கு இது சின்ன விஷயமா? வேலை இடத்தைக் குளிர்வித்தால் அங்கே வேகம் குறைவதில்லை. ஆனால் லீவு போடுவது மட்டும் நிற்பதில்லையாம். தகரக் கூரை வீட்டில் ராத்திரியெல்லாம் வெந்தவன் காலையில் எப்படி எழுந்து வருவான்? தொழிலாளியின் வீடும் முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்துவிடுகிறது!

கடைசியாக, நம் கண்ணெதிரே இருப்பது. என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி ஜவுளிக் கடைகளில் ஆடித் தள்ளுபடி நேரத்தில் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறாளே அந்தப் பெண், காலையில் நின்றவள் கடை சாத்தும்வரை நின்றால் என்ன ஆகும்? கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், முதுகு விட்டுப்போகும். வலியோடு நிற்பவளால் பத்தாவது புடவையைச் சிரித்த முகத்தோடு எடுத்துப் போட முடியுமா? இப்படி நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளா சட்டம் போட்டது. 2021-ல் தமிழ்நாடு சட்டசபையும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியருக்கு இருக்கை போட்டே ஆக வேண்டும் என்பது இப்போது சட்டம். கடை முதலாளி காட்டும் சலுகை இல்லை, அவளுடைய உரிமை.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் பில் போடும் இடத்தில் நின்று, “அண்ணே, அந்தப் பொண்ணு உட்கார ஒரு சேர் போடுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்து வாடிக்கையாளர் கேட்டால் நாற்காலி வந்துவிடும்.