பெட்டிக்குள் வரும் விமானங்கள்

புத்தாண்டு பிறந்து, நாமெல்லாம் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் வாங்கக் கிளம்பும் நாட்களில், உலகெங்கும் ஒரு கூட்டம் வேறோர் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறது. இந்த ஆண்டு எந்தெந்த விமானங்கள் பெட்டிக்குள் வரப்போகின்றன என்பதுதான் அவர்களுடைய கவலை. பிளாஸ்டிக் துண்டுகளாக வாங்கி, வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி முழு விமானமாக்கும் மாதிரி விமான 'கிட்' பற்றித்தான் சொல்கிறேன். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பித்துப் பிடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வீட்டிலும் ஒருவன் உண்டு. அவனால் நான் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். கடையில் கிடைக்கும் பேட்டரி விமானம் வேறு, இது வேறு. திருப்பதி காந்தி ரோடு பக்கம் ஒரு கடையில் நான் 'கிட்' என்று கேட்டபோது, விளக்கெரிந்து சத்தம் போட்டுச் சுற்றும் விமானத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். மாதிரி விமானம் என்பது அளவு மாறாத சிற்றுரு. 1/72 என்று பெட்டியில் போட்டிருந்தால், உண்மை விமானத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது இதில் ஒரு சென்டிமீட்டர். ரேணிகுண்டா விமான நிலையத்தில் வந்திறங்கும் ஏடிஆர்-72 விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 27 மீட்டர். 1/72 கணக்கில் அது 37.5 சென்டிமீட்டர் ஆகிவிடும், சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கைப் பிள்ளை கையாலேயே போட்டுப் பார்க்கிற வித்தை இது.

அறிவிப்புக் காலம்

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் ஆண்டுப் பட்டியலை ஜனவரியில் வெளியிடுவது வழக்கம். அதை ஒட்டியே ஜெர்மனியில் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சி நடக்கும். ஜப்பானில் தமியா, ஹசேகாவா முதலான நிறுவனங்களுக்கு மே மாதத்து ஷிசுவோகா கண்காட்சிதான் திருவிழா. ஆக, ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் பெரும்பாலான திட்டங்கள் வெளியே வந்துவிடும்.

ஆனால் அறிவிப்பு வேறு, பெட்டி கைக்கு வருவது வேறு. ஒரு புதிய விமானத்துக்குக் கிட் செய்ய முதலில் அருங்காட்சியகத்தில் நிற்கும் உண்மை விமானத்தை அளக்கிறார்கள். இப்போது லேசர் கதிர் கொண்டே அளந்து விடுகிறார்கள். பிறகு கணினியில் வரைந்து, துண்டு துண்டாகப் பிரித்து, எஃகு அச்சில் குடைகிறார்கள். உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அந்த அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தினால், துண்டுகள் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி வெளிவரும். முதலில் வரும் சோதனை வார்ப்பில் பொருந்தாத இடங்களைப் பார்த்து அச்சைத் திருத்துவார்கள். நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் எழுத்துக்களும் தனியே அச்சாகி வரவேண்டும். இவ்வளவுக்கும் ஓராண்டு, இரண்டாண்டு, சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். அதனால் அறிவித்த மாதத்தில் வராமல் தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சகஜம். பிள்ளை அழுதால் சமாதானம் சொல்லக் காரணம் கையில் இருக்கட்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பட்டியலில் 'புதிது' என்று வருவதெல்லாம் புதிதல்ல. புதிய அச்சில் வார்ப்பது ஒரு வகை. பழைய அச்சுக்கே புதிய சின்னங்களைப் போட்டு விற்பது இன்னொரு வகை. பல ஆண்டுகளுக்கு முந்திய அச்சை அப்படியே மீண்டும் எடுப்பது மூன்றாவது வகை. ஏர்ஃபிக்ஸ் இந்த மூன்றாவது வகையை 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று வெளிப்படையாகவே பெயரிட்டு விற்கிறது. அந்தக் காலத்தில் ராய் கிராஸ் என்ற ஓவியர் தீட்டிய பெட்டிப் படங்களுக்காகவே அதை வாங்குவோர் உண்டு. ஆனால் துண்டுகள் இன்றைய அளவுக்கு நேர்த்தியாகப் பொருந்தா. முதன்முதலில் செய்யும் பிள்ளைக்கு இது மனச்சோர்வைத் தரும்.

இந்தியாவில் செய்தது

ஏர்ஃபிக்ஸ் 1939இல் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் லண்டனில் தொடங்கிய நிறுவனம். 1981இல் நொடித்துப் போய், கை மாறி, கடைசியில் 2006இல் ஹார்ன்பி நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு மாற்றம் நடந்தது. பெட்டிகளின் ஓரத்தில் 'இந்தியாவில் செய்தது' என்ற வரி வரத் தொடங்கியது. ஆம், இங்கிலாந்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குப் பிரித்து ஒட்டிய ஸ்பிட்ஃபயர் நம் நாட்டுத் தொழிலாளர் கையால் வார்க்கப்பட்டு, பையில் இட்டுப் பெட்டியில் அடைக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு என் மகன் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கே காரணம். "இந்தியாவில செஞ்சதுன்னு போட்டிருக்கேப்பா, இந்தியா ஏரோப்ளேன் ஏன் இதுல இல்ல?" என்றான்.

கேள்வி நியாயமானது. நாட் என்ற சிறு போர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஃபாலண்ட் நிறுவனம் வடிவமைத்தது. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுக் கட்டியது. 1971 போரில் ஸ்ரீநகர் வானில் தனியொருவராகப் போரிட்டு வீழ்ந்த நிர்மல் ஜித் சிங் செகான் ஓட்டியது இதைத்தான். நம் விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. ஏர்ஃபிக்ஸிலும் நாட் உண்டு. ஆனால் அது பிரிட்டிஷ் விமானப்படையின் இருவர் அமரும் பயிற்சி விமானம். செகான் ஓட்டிய ஒருவர் அமரும் போர் விமானம் அல்ல.

நாட்டை மேம்படுத்தி நம்மவர்கள் உருவாக்கிய 'அஜீத்' விமானத்துக்குக் கிட் வந்திருக்கிறது. வெளியிட்டது யார் தெரியுமா? செக் குடியரசின் ஸ்பெஷல் ஹாபி நிறுவனம். இங்கிலாந்து விமானம் இந்தியாவில் வார்க்கப்பட்டது, பெங்களூர் விமானம் செக் நாட்டிலிருந்து வந்தது. வேடிக்கையாக இல்லையா?

மாருத்தின் கதை இன்னும் வருத்தமானது. கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17இல் முதன்முதலாகப் பறந்த ஜெட் போர் விமானம் அது. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பங்கேற்றது. அதே டாங்க் தம் நாட்டில் வடிவமைத்த ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தைப் பெரிய கிட் நிறுவனங்கள் எல்லாமே வெளியிட்டிருக்கின்றன. அவர் நம் நாட்டில் வடிவமைத்த மாருத்துக்கு ஏர்ஃபிக்ஸ், ரெவெல், தமியா பட்டியல்களில் இடம் கிடைக்கவில்லை.

காரணம் பகை அல்ல, கணக்கு. எஃகு அச்சுக்குப் போடும் பெருந்தொகை ஆயிரக்கணக்கான பெட்டிகள் விற்றால்தான் திரும்பி வரும். 20,000க்கும் மேல் கட்டப்பட்டு, பல நாடுகளில் பறந்த ஸ்பிட்ஃபயரை வாங்க உலகெங்கும் ஆள் உண்டு. மாருத் கட்டப்பட்டதோ மொத்தம் 147. அதை வாங்கக்கூடியவர்கள் நாம்தான். நாம் வாங்குவோம் என்று யாருக்கும் நாம் காட்டவில்லை.

நம் வாசலில் என்ன இருக்கிறது?

நம் பகுதி பொம்மைக்குப் புதியதல்ல. செஞ்சந்தன மரத்தில் கடைந்த திருப்பதி மரப்பாச்சி இல்லாமல் தென்னாட்டில் கொலு ஏது? இன்றைய தொழிற்சாலைகளும் தொலைவில் இல்லை. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூலுக்கு ராணிப்பேட்டையில் ஆலை உண்டு. சித்தூரிலிருந்து பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான். சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் பல நாட்டு ஆலைகள் வந்துவிட்டன. பிளாஸ்டிக்கை வார்க்கும் திறமை நம்மிடம் இருக்கிறது என்பதற்கு ஏர்ஃபிக்ஸ் பெட்டியே சாட்சி. இல்லாதது, நம் விமானத்தைத் தேர்ந்தெடுத்து அச்சில் பணம் போடும் துணிச்சலும், அதை வாங்கும் கூட்டமும்.

சட்டமும் ஒரு வகையில் இதற்கு வழி விட்டிருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. சுங்கத்துறைப் பட்டியலில் மாதிரி விமானமும் பொம்மையும் ஒரே தலைப்பின் கீழ்தான். 1,000 ரூபாய்ப் பெட்டிக்கு 70 விழுக்காடு என்றால் 700 ரூபாய் தீர்வை, மற்ற வரிகள் தனி. மேலும் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க எடுத்த நடவடிக்கைகள் இவை. ஆனால் உள்நாட்டில் மாற்று வரும் வரையில், மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது பாரம்தான். அதனால் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன் தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பசை வேண்டாத, அழுத்திப் பொருத்தும் வகை போதும். ஏர்ஃபிக்ஸில் அதற்குக் 'குவிக்பில்ட்' என்று பெயர். அடுத்த கட்டத்துக்கு 1/72 அளவில் ஒற்றை எஞ்சின் விமானம் நல்லது. துண்டுகள் குறைவு, விலையும் குறைவு. சட்டத்திலிருந்து துண்டை முறுக்கிப் பிய்க்கக் கூடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். பசையின் நெடி தலைவலி தரும், ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். நம் விமானப்படைச் சின்னத்தோடு ஒன்று வேண்டுமென்றால் ஹன்டர் நல்ல தேர்வு. 1971இல் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தாக்கிய விமானம் அது.

இவற்றை எல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று. கிட்டோடு வரும் குறிப்புத் தாளில் தமிழ் இல்லை. படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், அப்போது பேச்சு தேவைப்படுகிறது. என் மகன் பள்ளிப் பழக்கத்தில் 'ரெக்க', 'தோக' என்று தெலுங்கில் ஆரம்பிப்பான். நானும் அவன் அம்மாவும் 'இறக்கை', 'வால்' என்று எடுத்துக் கொடுப்போம். சுக்கான், மூக்கு, சக்கரக் கதவு, விமானி இருக்கை என்று ஒவ்வொரு துண்டுக்கும் தமிழில் பெயர் சொல்லியாக வேண்டும். தெலுங்கு அவனுக்கு வாழும் ஊரின் மொழி, அது நன்றாகவே வரட்டும். ஆனால் 'தமிழ் பேசு' என்று அதட்டி வராத தமிழ், ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து ஒட்டும்போது தானாக வருகிறது. புலம்பெயர்ந்த நமக்கு இதைவிட மலிவான தமிழ் வகுப்பு கிடைக்குமா?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி, நான்கைந்து பெட்டிகளைப் பொதுவில் வாங்கி, பெரியவர்கள் துணையோடு செய்யச் சொல்லலாம். துண்டுகளின் தமிழ்ப் பெயர்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். மறுமாதம் பலமனேர், கோலார் வழியாகப் பெங்களூர் போய், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் உண்மையான மாருத்தைக் காட்டி வரலாம். பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை, 1/72 அளவில் 22 சென்டிமீட்டர் நீளத்தில் அதைச் செய்ய ஆசைப்படும். அப்படி ஆசைப்படும் பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் என்று ஆனால், அடுத்து வரும் ஏதாவது ஒரு ஜனவரிப் பட்டியலில் நம் விமானத்தின் பெயரும் வரக்கூடும். விருப்பமுள்ள அன்பர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுக்கலாம்.