பழைய கேரவன் கம்மி விலைக்கு வருதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் பேனல். வால்பாறையோ மூணாறோ, ரூம் தேடி அலைய வேண்டாம்; வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'நமக்கும் ஒரு கேரவன் இருந்தா எப்படி இருக்கும்' என்று யோசிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். புதிதாகக் கட்டினால் பட்ஜெட் எகிறிவிடும் என்பதால் பலரும் செகண்ட் ஹேண்ட் பக்கம் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விற்பவர் காட்டுவது உள்ளே இருக்கும் வீட்டை. ஆனால் நீங்கள் வாங்குவது அடியில் இருக்கும் வண்டியையும் அதன் ஆர்.சி.யையும்தான். மெத்தையும் எல்.இ.டி. விளக்கும் அழகாக இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்தால், அதற்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கும் அலைய வேண்டிவரும்.

இங்கே 'பழைய கேரவன்' என்றால் என்ன?

அமெரிக்கா, ஐரோப்பாவில் தொழிற்சாலையிலேயே கேரவனாகத் தயாரான வண்டிகள் பழைய மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கும். இந்தியாவில் அப்படி இல்லை. கம்மி விலையில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் மாற்றிக் கட்டியவை. ஃபோர்ஸ் டெம்போ டிராவலர், மாருதி ஆம்னி, ஈகோ, பழைய ஆம்புலன்ஸ், மினி பஸ் என்று எதையாவது வாங்கி, சீட்டைக் கழற்றி, பிளைவுட் அடித்து வீடாக்கியிருப்பார்கள். ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. ஈகோ இன்னும் வருகிறது.

எனவே ஒரே மாடல் இரண்டு வண்டிகள் விற்பனைக்கு வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றை நல்ல வெல்டர் கட்டியிருப்பார். இன்னொன்றை யாரோ வீடியோ பார்த்துக் கட்டியிருப்பார்.

ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கு?

எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். 'வாகன வகை' என்ற இடத்தில் மோட்டார் கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று பதிவாகியிருந்தால் பாதி கவலை தீர்ந்தது. டெம்போ டிராவலர் இன்னும் 'ஆம்னி பஸ்' என்றும் ஆம்புலன்ஸ் இன்னும் 'ஆம்புலன்ஸ்' என்றும் இருந்தால், உள்ளே செய்த மாற்றம் சட்டத்தின் கணக்கில் வரவில்லை என்று அர்த்தம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது. 'நான் மாற்றவில்லை, முன்னாடி ஓனர்தான் மாற்றினார்' என்பது ரோட்டில் நிறுத்திக் கேட்கும் அதிகாரியிடம் எடுபடாது.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். பாலிசியில் 10 சீட் பயணிகள் வேன் என்று இருக்கிறது, விபத்தில் சிக்கியதோ அடுப்பும் கட்டிலும் உள்ள வண்டி என்றால், கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு வேறு காரணமே வேண்டாம்.

கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் பெற்றுக் கட்டிய நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தால் நகல் கேளுங்கள். 'எல்லாம் பண்ணிக்கலாம் சார், ஆள் இருக்கு' என்ற பதில் வந்தால் நடையைக் கட்டுவதே நல்லது.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் இன்னும் கவனம். அதற்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதை வெள்ளை போர்டாக மாற்ற முடியுமா, வரி எவ்வளவு என்பதை உங்கள் ஏரியா ஆர்.டி.ஓ. ஆபீசில் நேரில் கேட்டுவிட்டுத்தான் விலையே பேச வேண்டும்.

வெளிமாநில வண்டி லாபமா?

டெல்லி பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி இருந்ததால், அங்கிருந்து பல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. புதுச்சேரி நம்பர் வண்டி மேலும் நமக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. ஆனால் வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். வரியையும் சேர்த்துக் கூட்டினால் 'மலிவு' எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

எடை மேடைக்கு ஒரு நடை

யாரும் செய்யாத, ஆனால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் சோதனை இது. ஆர்.சி.யில் வண்டியின் காலி எடையும், அதிகபட்ச மொத்த எடையும் இருக்கும். வண்டியை வே பிரிட்ஜில் ஏற்றிப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பினால் 100 கிலோ. அதோடு பேட்டரிகள், இரும்புச் சட்டம், பிளைவுட் அலமாரி, கூரை ஏ.சி., அப்புறம் குடும்பத்தில் நாலு பேர், அவர்கள் பைகள். அனுமதித்த எடை தாண்டினால் கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. குறிப்பாக, கூரையிலும் பின்பக்கத்திலும் பாரம் ஏற்றிய ஆம்னி, ஈகோவை வளைவில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 3219 என்றால் 2019-ம் ஆண்டின் 32-வது வாரம் தயாரானது. கேரவன்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் பட்டன் தேயாமலே டயர் கிழடாகியிருக்கும்.

மழைக்காலத்தில் பாருங்கள்

சோலார் பேனலுக்கும், வென்ட்டுக்கும், ஏ.சி.க்கும் கூரையில் ஓட்டை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் இறங்கும் வழி. புதிதாக பெயின்ட் அடித்த, ரூம் ஸ்பிரே மணக்கும் வண்டி என்றால் சந்தேகப்படுங்கள். மெத்தையைத் தூக்கி, அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தில் பிளைவுட்டை விரலால் அழுத்துங்கள். மெதுவாக இருந்தால் உள்ளே ஊறியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் வாட்டர் சர்வீசில் கூரை மேல் தண்ணீர் அடிக்கச் சொல்லி நீங்கள் உள்ளே உட்காருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டது: ஜெனரேட்டரும் கேஸும்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். அடியில் இருந்த துளை வழியாக ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியதே காரணம் என்பது நிபுணர்கள் நடத்திய ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

பழைய வண்டியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வயருக்கும் பைப்புக்கும் போட்ட துளைகளைச் சிலர் அடைக்காமலே விட்டிருப்பார்கள், முன்பு அடைத்த பசையும் காய்ந்து உதிர்ந்திருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, தரையில் உள்ள ஒவ்வொரு துளையையும் எண்ணுங்கள். ஜெனரேட்டர் உள்ளேயே இருந்தாலோ, அதன் புகைக்குழாய் வண்டிக்கு அடியிலேயே முடிந்தாலோ அந்த வண்டி வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் படுக்கைப் பக்கம் ஒன்று மாட்டாமல் முதல் ராத்திரி தூங்காதீர்கள்.

கேஸ் சிலிண்டர் ஆடாமல் கட்டப்பட்டிருக்கிறதா, படுக்கை இடத்தில் இருந்து பிரித்து வைத்திருக்கிறார்களா, கசிந்தால் வெளியேற அடிப்பக்கம் துவாரம் உண்டா என்பதையும் பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மேலே வென்ட் இருப்பது மட்டும் போதாது. டியூபின் காலாவதி தேதியும் முக்கியம். பேட்டரி வயரிங்கில் ஃபியூஸே இல்லாமல் நேரடியாக இழுத்திருந்தால், எலெக்ட்ரீஷியன் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பணம் கைமாறும்போது

சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, பரிவாகன் தளத்தில் இ-சலான் பாக்கி, பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பைனான்ஸ் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

இன்னும் தயக்கமா? கேரளாவில் 'கேரவன் கேரளா' திட்டம் 2021-ல் அறிவிக்கப்பட்ட பிறகு வாடகை கேரவன்கள் வந்துவிட்டன; பெங்களூரு பக்கமும் கிடைக்கின்றன. இரண்டு ராத்திரி வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். டாய்லெட் டேங்கை யார் காலி செய்வது என்ற கேள்விக்கு வீட்டில் முதலில் பதில் கிடைக்கட்டும்.