விஷத்தில் விளைந்த ஜீவனம்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில், இன்று அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் அந்தப் பிரதேசம் வயலும் புதருமாக இருந்த நாளில், 1970-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவில் பிறந்த ரோமுலஸ் விட்டேக்கர் என்ற இளைஞர் பாம்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். 1972-இல் கிண்டிக்குச் சென்று பிரசித்தி பெற்ற அந்தப் பண்ணையின் பூர்வாசிரமம் நம் புறநகர்தான் என்பதை இங்கே குடியிருப்பவர்களிலேயே பலர் அறியார். பாம்பின் தடம் பார்க்கும் வித்தையில் அவருக்குக் குருவாக இருந்தவர்கள் செங்கற்பட்டுச் சீமையின் இருளர் பழங்குடியினர்.

வளையின் வாயில் மழமழவென்று தேய்ந்திருக்கும் மண்ணையும், உதிர்ந்து கிடக்கும் சட்டையின் துணுக்கையும் கண்டு, உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லி, கடப்பாரையால் பதமாகத் தோண்டி, வெறுங்கையால் அதை எடுக்கும் இவர்களுடைய ஞானம், எத்தனையோ ஆண்டுகள் தோல் வியாபாரிகளின் லாபத்துக்கே பயன்பட்டது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை முடித்தன. சட்டம் நியாயமானதே, ஆயினும், பணம் சேர்த்த வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொள்ள, அன்றாடக் கூலிக்குப் பாம்பு பிடித்தவன் வீட்டில்தான் உலை ஏறாமல் போயிற்று.

1978-இல், விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இயங்கும் இச்சங்கத்துக்கு, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளை உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். வாய் கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்திருந்து, இடையிடையே விஷத்தை எடுத்து, அதே பாம்பை மறுபடி பிடித்துவிடாதபடி அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். உலர்த்திப் பொடியாக்கிய விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து முறிமருந்தைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆண்டுதோறும் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் மாள்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடும் தேசத்துக்கு, இம்மருந்தின் முதற்சரக்கைப் பெருமளவில் தருவது இந்தச் சிறு சங்கம்!

தோலுக்காகப் பிடித்த பாம்பு சாக வேண்டும். விஷத்துக்காகப் பிடித்தது பிழைத்தே ஆக வேண்டும். பழைய வித்தையை விடச் சொல்லாமலே அதன் பயனை மட்டும் மாற்றிய இந்த யுக்தியைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். பழங்குடியினரின் க்ஷேமத்துக்கென்று தையல் இயந்திரமும் கறவை மாடும் வழங்கிவிட்டுத் திரும்பும் திட்டங்களில், அவர்களுக்கு முன்பே என்ன தெரியும் என்று கேட்பவர் அபூர்வம். 1986-இல் தண்டரையில் தோன்றிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகை அறிவையே மூலதனமாகக் கொண்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஆனால் சங்கத்தின் பிழைப்பு வனத்துறையின் அனுமதியில் தொங்குகிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசாங்கமே நிர்ணயிக்கிறது; உத்தரவு தாமதித்தால் பானைகள் காலி. இருளர்களில் மிகப் பெரும்பாலோர் சங்கத்துக்கு வெளியே இருப்பவர்கள்; அவர்களில் பலர் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணக் கடனுக்கு உழைப்பவர்கள். உறுப்பினர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் ஃபுளோரிடா சென்று மலைப்பாம்பு பிடித்தார்கள், 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள். அவர்களுடைய இனத்துப் பிள்ளைகளில் பலர், பழங்குடியினர் என்ற சாதிச் சான்றிதழுக்காக இன்னமும் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள்.