பாத்தியும் களையும்

தோட்டத்து வீடுகளின் பின்புறம் கீரை, வெண்டை, பயற்றங்காய் பயிரிடுவோர் நம்மிடையே பலர். செயற்கை உரமும் களைக்கொல்லியுமின்றி, மாட்டெருவும் மக்கிய குப்பையும் இட்டுப் பயிரிடுவோரை முதலில் வாட்டுவது களையே. அதன் இயல்பை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நன்று.

களைகள் கூட்டமாய் வாழ்பவை. நாம் நிலத்தை நடத்தும் முறைக்கேற்ப அக்கூட்டம் மாறும். மிதிபட்டு இறுகிய நடைபாதையில் கேழ்வரகின் இனத்ததான ஒரு புல் செழிக்கும்; மலாய்க்காரர் இதனை ரும்புட் சம்பாவ் என்பர். எரு மிகுந்த பாத்தியில் முள்ளுக்கீரை முளைக்கும். அடிக்கடி கொத்தப்படும் பாத்தியையோ கோரை பிடித்துக்கொள்ளும். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் சங்கிலிபோல் பிணைந்திருக்கும். கொத்தும்போது சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கிறது. ஆதலால் கொத்தக் கொத்தக் கோரை பெருகும்!

மருந்துக்கும் இந்நியதி பொருந்தும். கிளைபோசேட்டுக்கு மடியாத ரும்புட் சம்பாவ் 1997இல் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சு 2020 சனவரி முதல் நாளிலிருந்து இங்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனை முதுகில் சுமந்து தெளித்தவர்களுள் பெரும்பாலோர் நம் தாய்மார்களே. அவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுப் பாத்திக்கும் அத்தகைய நஞ்சு எதற்கு?

விதைப்பதற்கு முன்பே களையை ஏமாற்றலாம். பாத்தியைப் பண்படுத்தி, நீர் தெளித்து, பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா விடுங்கள். மேல்மண்ணிலுள்ள களைவிதைகள் முளைத்துவிடும். வெயில் நாளில் அவற்றை மேலாகச் சுரண்டிவிட்டு விதையுங்கள். ஆழக் கொத்தலாகாது, கொத்தினால் அடியில் உறங்கும் விதைகள் மேலே வந்து முளைக்கும். பயிர் முளைத்த முதல் மூன்று நான்கு வாரங்களே முக்கியமானவை. அதன்பின் பயிரின் நிழலே களையை அடக்கும். கத்தரி, மிளகாய் முதலியவற்றை நாற்றாக நட்டால் பயிர் முந்திக்கொள்ளும்.

ரப்பர் கன்றுகளுக்கிடையே கொடி மூடுபயிர் வளர்ப்பதைத் தொழிலாளத் தோழர்கள் கண்டிருப்பர். மண்ணை மூடினால் களைக்கு ஒளியில்லை. பாத்தியில் இவ்வேலையை லாலாங் தாளே செய்யும். பூப்பதற்கு முன் அறுத்த தாளை மட்டும் பரப்புங்கள்; வேர்த்தண்டு ஒரு துண்டு கலந்தாலும் அதுவே முளைத்துவிடும். கோரை மண்டிய பாத்தியில் கிழங்குகளை இயன்றவரை தோண்டியெடுத்தபின், ஒரு பருவம் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடலாம். நிழல் கோரைக்கு ஆகாது.

எல்லாவற்றையும் பிடுங்கியெறிய வேண்டுமா? பருப்புக்கீரை சமையலுக்கு உகந்தது. ஆயின் முள்ளுக்கீரையை விதை முற்றுமுன் பிடுங்குங்கள். ஒரு செடியே இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. விதை முற்றிய செடியை எருக்குழியில் இடாதீர்கள். சரிவான நிலமாயின் பாத்திகளுக்கிடையிலுள்ள புல்லைக் கட்டையாக வெட்டிவிட்டாற் போதும். அதன் வேர்கள் அடைமழையில் மண் கரைந்தோடாது பிடித்துக்கொள்ளும்.