வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் உங்கள் கார்டு வேலை செய்யுமா?

2023-ல் அம்மாவையும் மனைவியையும் அழைத்துக் கொண்டு பாங்காக் சென்றேன். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது கையில் இருந்தது 300 பாட் மட்டுமே. "கார்டுதான் இருக்கிறதே" என்ற தைரியத்தில் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினேன். பின் நம்பர் சரி, கணக்கிலும் பணம் இருந்தது. ஆனாலும் பணம் வரவில்லை. "உங்கள் வங்கியைத் தொடர்பு கொள்ளவும்" என்றது ஸ்கிரீன். அடுத்த மெஷினிலும் அதே பதில்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

தவறு என்னுடையதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் புதிதாகவோ புதுப்பித்தோ தரப்படும் கார்டுகள், தொடக்கத்தில் இந்தியாவிற்குள் ஏ.டி.எம்.மிலும் கடைகளிலும் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் இயக்க வேண்டும். என் கார்டு 2022-ல் புதுப்பித்து வந்தது. நான் இதைக் கவனிக்கவே இல்லை.

நல்ல வேளையாக வங்கியின் ஆப் போனில் இருந்தது. விமான நிலைய வை-பி இணைப்பில் அதைத் திறந்து, கார்டு அமைப்புகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, ஏ.டி.எம். ஆகிய இரண்டையும் ஆன் செய்தேன். தினசரி வரம்பையும் உயர்த்தினேன். பிறகு பணம் வந்தது.

கட்டணம் எவ்வளவு?

நான் சென்ற 2023-ல் தாய்லாந்தில் பெரும்பாலான ஏ.டி.எம்.கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்துக் கொண்டன. அந்தக் கணக்கில் 2,000 பாட் வீதம் மூன்று முறை எடுத்தால் கட்டணம் 660 பாட். அதே 6,000 பாட்டை ஒரே முறையில் எடுத்தால் 220 பாட்தான். இது தவிர, நம் வங்கியும் தனியாகக் கட்டணம் வசூலிக்கும். புறப்படும் முன் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

ரூபாயா, பாட்டா?

அடுத்து ஒரு ஸ்கிரீன் வரும். ரூபாய்க் கணக்கைக் காட்டி, "இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று கேட்கும். அவசரத்தில் நான் ஏற்றுக் கொண்டேன். அங்குதான் ஏமாந்தேன். இந்த விகிதத்தில் மெஷின் தரப்பின் லாபமும் சேர்ந்திருக்கும். மறுத்துவிட்டால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம். வரும். அப்போது விசா அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் விகிதம் கணக்கிடப்படும். பெரும்பாலும் அதுவே நமக்கு லாபம். இரண்டாம் முறை மறுத்தேன். கணக்கில் கழிந்த ரூபாயில் வித்தியாசம் தெரிந்தது.

புறப்படும் முன்

* வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே ஆன் செய்திடுங்கள். ஓ.டி.பி. தேவைப்பட்டால் ரோமிங் இல்லாத சிம்மிற்கு அது வராது.
* வேறொரு வங்கியின் கார்டு ஒன்றைத் தனிப் பையில் வைத்திருங்கள்.
* 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. +91 எனத் தொடங்கும் வங்கி எண்ணைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள்.
* வங்கிக் கிளையை ஒட்டிய ஏ.டி.எம்.மை, வேலை நேரத்தில் பயன்படுத்துங்கள். கார்டு சிக்கினால் உள்ளே சென்று கேட்கலாம்.
* பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதத்திற்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரும் 2019-ம் ஆண்டு விதி, உள்நாட்டுப் பரிமாற்றங்களுக்கு மட்டுமே.

ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறக்காமல் ஆப் செய்திடுங்கள். திறந்த கதவு திருடனுக்குத்தான் வசதி.