அடைக்கப்பட்ட குடிநீர்த் தொழிலில் கழிவுப் பொறுப்பு: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நீர் வழங்குதல் தமிழர் வாழ்வில் நெடுங்காலம் அறச்செயலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. தண்ணீர்ப் பந்தல்களுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. பந்தலில் நீர் அருந்தியவர் கலத்தை அங்கேயே வைத்துச் செல்வார். இன்றைய வணிகத்திலோ நீரோடு கலமும் கைமாறுகிறது. நீர் தீர்ந்தபின் அக்கலம் யாருடைய பொறுப்பு? இவ்வினாவைத் தமிழ்நாட்டுச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைக் கழிவுகள்

இத்தொழிலின் முதன்மைக் கழிவுகள் நீர், கலம் என இருவகைப்படும். நிலத்தடி நீரைத் தூய்மையாக்க ‘ஆர்.ஓ.’ எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இம்முறை உப்பை அழிப்பதில்லை. ஒரு பகுதி நீரிலிருந்து மற்றொரு பகுதிக்கு ஒதுக்குகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் கொண்ட 100 லிட்டர் நீரிலிருந்து 50 லிட்டர் குடிநீர் எடுக்கப்பட்டால், எஞ்சும் 50 லிட்டரில் அவ்வளவு ஏறத்தாழ 1000 மில்லிகிராமாக உயரும். தரை கழுவுதல், கழிவறை ஆகிய பயன்களுக்கு அந்நீரைக் கொள்ளலாம். திறந்த நிலத்தில் தொடர்ந்து விட்டால், மண்ணும் அண்டைக் கிணறும் உவர்ப்பேறக்கூடும்.

கலத்தின் நிலை வேறு. போத்தலின் உடல் ‘பெட்’ என்னும் நெகிழியாலும், மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனாலும் செய்யப்படுகின்றன. இவற்றை நொறுக்கி நீரிலிட்டால் பெட் மூழ்கும். மூடியின் துகள்கள் மிதக்கும். மறுசுழற்சி ஆலைகள் இவ்வியல்பைக் கொண்டே இரண்டையும் பிரிக்கின்றன. ஆகவே, பிரித்தெடுக்கும் நுட்பம் முதன்மைத் தடையன்று. கலம் மாசுபடாமல் திரும்பி வராமையே பெருந்தடையாகும்.

திரும்பும் கலமும் திரும்பாக் கலமும்

தமிழ்நாட்டு நகரங்களில் வீடுதோறும் வழங்கப்படும் 20 லிட்டர் ‘கேன்’ இங்கு நோக்கத்தக்கது. முன்பணம் பெற்றுக்கொண்டோ வெற்றுக் கேனுக்கு மாற்றாகவோ அது தரப்படுகிறது. வெற்றுக் கேனுக்கு மதிப்பு உண்டு; அதனால் அது தெருவில் கிடப்பது அரிது. அதே தொழில் விற்கும் ஒரு லிட்டர் போத்தலுக்கு அத்தகைய முன்பணம் இல்லை. அது குப்பைமேட்டிற்கோ ஓடைக்கோ செல்கிறது. அதனைப் பொறுக்கிச் சேர்க்கும் உழைப்பு, குறைந்த வருவாய் பெறும் எளிய மக்களின் தோள்மீது விழுகிறது.

கேன் முறையும் குறையற்றதன்று. கீறல் விழுந்த பழைய கேன்கள் நெடுநாள் சுற்றிவருதலும், செம்மையாகக் கழுவப்படாமையும் நலக்கேடு விளைக்கும். எனவே மீளப்பெறும் கடமையோடு, தேய்ந்த கலத்தை உரிய காலத்தில் விலக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

சட்டமும் அதன் எல்லையும்

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடை, தண்ணீர்ப் பொட்டலங்களை விலக்கியது. போத்தல்களை மாநில அளவில் விலக்கவில்லை. நீலகிரி மாவட்டம் அவ்வாண்டே குடிநீர்ப் போத்தல்களுக்கும் தடை விதித்து, தானியங்கிக் குடிநீர் வழங்கிகளை அமைத்தது. இந்திய அரசு 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு விதிகளில் உற்பத்தியாளர் பொறுப்பை வலியுறுத்தி, 2022ஆம் ஆண்டில் அதற்குரிய வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அந்நெறிகளின்படி ஒரு நிறுவனம் மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கித் தன் கடப்பாட்டை நிறைவேற்றலாம். எடைக்கணக்கு அதனால் நேராகும். ஆயினும், மலையோடையில் கிடக்கும் குறிப்பிட்ட போத்தல் அங்கேயே கிடக்கக்கூடும். சட்டத்தின் கணக்கும் அறத்தின் கணக்கும் வேறுபடும் இடம் இதுவே.

இவ்விடைவெளியை முன்பண முறை பெரிதும் குறைக்கும். அதே நீலகிரியில் 2022 மே மாதம் முதல் மதுப்போத்தல்களுக்குக் கூடுதலாக 10 ரூபாய் பெற்று, வெற்றுப் போத்தலைத் திருப்பித் தந்தால் அத்தொகையை மீள அளிக்கும் முறை செயற்படுத்தப்பட்டது. மதுப்போத்தலுக்கு இயன்றது, நீர்ப்போத்தலுக்கு இயலாது எனல் பொருந்தாது. நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் இதே நெறியைப் பானங்களுக்குப் பொதுவாக்கியுள்ளது. 2026 ஏப்ரல் 1ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்ட அதன் திட்டம், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான நெகிழிப் போத்தல்களுக்கும் உலோகக் கலன்களுக்கும் 10 காசு முன்பணம் விதிக்கிறது. குடிநீர்ப் போத்தலும் இதில் அடங்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், நீர் விற்போரின் கடமை விற்பனையோடு முடிவதில்லை என்பது தெளிவாகும். ஒதுக்கிய உப்புநீருக்குப் பயன் காணுதல், கலத்தை முன்பணத்தின் வழி மீளப்பெறுதல், தேய்ந்த கலத்தை விலக்குதல் ஆகிய மூன்றும் நீரின் விலைக்குள்ளேயே அடங்க வேண்டிய செலவுகள். இவற்றை விலையிலிருந்து நீக்கினால் அவை மறைந்துவிடுவதில்லை. நீரை வாங்காதவரும் அச்சுமையைத் தாங்க நேர்கிறது. தண்ணீர்ப் பந்தலில் கலத்தைப் பேணும் கடமை பந்தல் அமைத்தவருடையதாகவே இருந்தது. ஈவோர்க்கு உரிய அக்கடமையை, விலை பெற்று விற்போர் மறுப்பதற்கு நியாயமில்லை.